அமெரிக்கா எந்தப் பக்கம் இருக்கிறது?

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்.)



மைக் வேண்டாம் என்றுதான் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பறையில் கத்திய தொண்டை இது. செயலாளர் கேட்கவில்லை. சரி, இருக்கட்டும்.

பேச்சுக்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை. எழுந்திருக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டினால் போதும். அமெரிக்கா எந்தப் பக்கம் இருக்கிறது? உங்கள் மகனோ மகளோ இருக்கிற பக்கமாகக் கையை நீட்டுங்கள்.

பாதிப் பேர் கடல் பக்கம் காட்டுகிறீர்கள். பாதிப் பேர் மெயின் ரோடு பக்கம். முன் வரிசையில் ஒரு சார் தரையைக் காட்டுகிறார். பூமி உருண்டை என்பதை நினைவு வைத்திருக்கிறார், அவருக்குப் பாதி மதிப்பெண் தரலாம். ஆனால் ஒருவர்கூட ஜெனரேட்டர் ஷெட் பக்கம் கையை நீட்டவில்லை. அதுதான் வடக்கு. அமெரிக்கா அந்தப் பக்கம்தான்.

இதோ ஒரு பூகோள உருண்டையும் தையல் நூலும் கொண்டுவந்திருக்கிறேன். நூலின் ஒரு முனையைச் சென்னையில் வைக்கிறேன், மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில். தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்கிறேன். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பூமியின் மேல் போகக்கூடிய மிகக் குறைந்த தூரம் இந்த நூல்தான். பெருவட்டப் பாதை என்று பாடப் புத்தகத்தில் சொல்வோம். நூலை அளந்தால் சுமார் 33 சென்டிமீட்டர். இந்த உருண்டையின் குறுக்களவு 30 சென்டிமீட்டர், ஆகவே ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 425 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 13,900 கிலோமீட்டர். பூமியில் எந்த இரண்டு ஊரும் அதிகபட்சம் 20,000 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்க முடியும். அப்படியானால் நம் பிள்ளைகள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த நூல் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். ஆந்திரா, ஒடிசா தாண்டி நேபாளம். ஏறக்குறைய எவரெஸ்ட் சிகரத்தின் பக்கத்திலேயே போகிறது. பிறகு திபெத், மங்கோலியா. அதன் பிறகு ரஷ்யாவின் பைக்கால் ஏரி. சைபீரியாவைக் கடந்து ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஏறி, பெரிங் நீரிணையில் ஆசியாவை விட்டு அமெரிக்கக் கண்டத்துக்குள் நுழைந்து, அலாஸ்காவில் ஆங்கரேஜ் நகரத்தைத் தொட்டுக்கொண்டு, பசிபிக் கடற்கரையோரமாகக் கீழே இறங்குகிறது. நூலில் பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் இல்லை, அரபிக்கடலும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை.

நியூயார்க்குக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். அதுவும் வடக்கேதான். ஜெனரேட்டர் ஷெட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் சான் பிரான்சிஸ்கோ, கொஞ்சம் இடப்பக்கம் நியூயார்க். தூரம் சுமார் 13,500. இரண்டு ஊரும் அமெரிக்காவின் எதிரெதிர்க் கரைகளில், ஒன்றுக்கொன்று நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. ஆனால் நமக்கு நியூயார்க் கிட்டம் என்றால் நானூறு கிலோமீட்டர்தான் கிட்டம். மகன் நியூஜெர்சியிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாற்றலாகிப் போகிறானே, இன்னும் தூரமாகிவிடுகிறானே என்று போன மாதம் லிஃப்டில் என்னிடம் வருத்தப்பட்ட டி பிளாக் அம்மாவுக்கு இந்தக் கணக்கு. இங்கிருந்து மதுரைக்குப் போகிற தூரம்கூடக் கூடவில்லை அம்மா.

சுவரில் மாட்டும் உலகப் படம்தான் நம்மைக் கெடுத்தது. உருண்டையைத் தட்டையாக விரித்தபோது வடக்கே இருக்கும் நாடுகளை அகலமாக இழுத்துவிட்டார்கள். அந்தப் படத்தில் துருவத்தின் பக்கமாகப் போவது பெரிய சுற்று மாதிரித் தெரியும். உருண்டையில் பார்த்தால் அதுதான் குறுக்கு வழி. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண்களே விமானிகளாக இருந்து, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வட துருவத்தின் வழியாகப் பெங்களூருக்கு ஒரு விமானத்தை நிற்காமல் ஓட்டிவந்தார்களே, அது ஏதோ வீரசாகசத்துக்காக எடுத்த வழி இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவே நேர்த் தூரம் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர், பறந்தது சுமார் பதினேழு மணி நேரம். அவர்கள் ஏறக்குறைய நூல் பிடித்து வந்தார்கள், அவ்வளவுதான். செய்தியைப் படித்த அன்றைக்கு என் பழைய மாணவிகள் நாலைந்து பேருக்கு போன் போட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியென்றால் நம் விமானங்கள் ஏன் நூல் பிடித்துப் போவதில்லை?

முதலாவது, திபெத். அங்கே தரையே சராசரியாக நாலரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழும் என்று காட்டுவார்கள் இல்லையா? அது பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். அதற்குள் விமானி மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். நாலரை கிலோமீட்டர் உயரத் தரையின் மேல் எங்கே போய் இறங்குவது? அதனால் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

இரண்டாவது, அரசியல். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் மூடிவிட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போனவர்கள் துருவத்தைச் சுற்றிக்கொண்டு பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து அமெரிக்கா போகிற சில விமானங்கள் வழியில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது. இன்னொன்றும் நினைவிருக்கலாம். 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று, இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. இருநூறுக்கு மேற்பட்ட பயணிகள் மாற்று விமானம் வரும்வரை பள்ளிக்கூடத்திலும் விடுதிகளிலும் தங்கினார்கள். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஏன் சைபீரியாவில் இறங்கினார்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். நூலைப் பிடித்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது காரணம் வியாபாரம். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நிற்காமல் போகிற விமானம் கிடையாது. எங்கேயாவது இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும். அந்த "எங்கேயாவது" எங்கே என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், மேற்கே. சிங்கப்பூர் சுமார் 2,920 கிலோமீட்டர், கிழக்கே. துபாயில் இறங்கிய பிறகு சான் பிரான்சிஸ்கோவுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி தெரியுமா? சுமார் 13,040. நாலு மணி நேரம் பறந்து, மூவாயிரம் கிலோமீட்டர் கடந்து, தொண்ணூறு கிலோமீட்டருக்கு மூன்று இட்லி மாதிரி, வெறும் 860 கிலோமீட்டர்தான் கிட்டே போயிருக்கிறோம். சிங்கப்பூர் இன்னும் மோசம். அங்கிருந்து பாக்கி 13,590. முன்னூறு கிலோமீட்டர் மிச்சம், அவ்வளவே. டெல்லி வழியாகப் போனால் மொத்தமே சுமார் 14,140-தான், நூலின் நீளத்தைவிட 240 கிலோமீட்டர் அதிகம். டெல்லி வடக்கே இருப்பதால் வந்த லாபம். ஃபிராங்ஃபர்ட் வழியாக 16,740.

அதற்காக டெல்லி வழிதான் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டெல்லியிலிருந்து ஒரே மூச்சில் பதினாறு மணி நேரம் உட்கார வேண்டும். ஃபிராங்ஃபர்ட்டில் தூரம் கூடுதல், ஆனால் ஒன்பது, பதினொன்று என்று பயணம் கிட்டத்தட்ட நடுவில் முறியும். முழங்கால் வலிக்காரர்களுக்கும், இரவில் நாலு முறை எழுந்திருக்கிறவர்களுக்கும் அந்தக் கூடுதல் கிலோமீட்டர் வரம். பிள்ளைகள் டிக்கெட் போடும்போது மொத்த நேரத்தையும் விலையையும்தான் பார்ப்பார்கள். எங்கே முறிகிறது என்று நாம்தான் கேட்க வேண்டும். மற்றபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, மருந்துகளைச் சீட்டோடு கைப்பையில் வைப்பது, சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்லலாமா என்று செயலாளரிடம் கேட்டேன். நீங்கள் சொல்ல விரும்பினால் சொல்லுங்கள் டீச்சர் என்றார்.

என் கணவர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்களில் பலர் அன்றைக்கு வந்திருந்தீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். பார்த்த டாக்டர், ராத்திரி கவனிப்பில் இருக்கட்டும், காலையில் பார்க்கலாம் என்றார். என் மகள் கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே அப்போது செவ்வாய் காலை ஒன்பதரை. அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, "அவகிட்ட இப்பச் சொல்லாதே, ஆபீஸ் போற நேரம், பதறிப்போவா" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. விடிந்து டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு, நல்ல சேதியாகவே சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

புதன் காலை ஏழு மணிக்கு டாக்டர் சொன்னது நல்ல சேதி இல்லை. அப்போதுதான் போன் செய்தேன். அங்கே செவ்வாய் மாலை ஆறரை. அவள் ஊரிலிருந்து துபாய் வழியாக வரும் விமானம் தினமும் ஒரே ஒரு முறை, பிற்பகல் மூன்றரைக்குக் கிளம்பும். அன்றைய விமானம் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வேறு எந்த வழியில் தேடியும் அதைவிட முன்னால் வந்து சேர முடியவில்லை. மறுநாள் மூன்றரைக்கு ஏறினாள். நம் கணக்கில் வியாழன் விடியற்காலை நாலு. துபாய்க்குப் பதினாறு மணி நேரம், அங்கே நாலு மணி நேரம் காத்திருப்பு, மறுபடி நாலு மணி நேரம். வெள்ளி விடியற்காலை நாலு மணிக்குச் சென்னையில் இறங்கி ஆறு மணிக்கு நம் கேட்டுக்குள் வந்தாள்.

அவர் வியாழன் மாலை ஐந்து மணிக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் அவள் விமானம் காஸ்பியன் கடலுக்கு வடக்கே எங்கோ வந்துகொண்டிருந்திருக்கும். துபாயில் இறங்கி போனை ஆன் செய்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்து, ஒரு மத்தியானம் நான் காகிதத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆசிரியை புத்தி. நான் சொன்னதிலிருந்து அவள் வாசலுக்கு வந்தது வரை நாற்பத்தேழு மணி நேரம். அதில் விமானம் பறந்தது இருபது மணி நேரம்தான். செவ்வாய் இரவு பத்து மணிக்கே சொல்லியிருந்தால், கிளம்ப அவளுக்கு ஆறு மணி நேரம் இருந்திருக்கும். அன்றைய மூன்றரை விமானத்தைப் பிடித்திருப்பாள். வியாழன் விடியற்காலை நாலு மணிக்கு இங்கே இறங்கியிருப்பாள். அவர் அன்று மத்தியானம் வரை பேசிக்கொண்டுதான் இருந்தார்.

நான் தாமதித்தது ஒன்பது மணி நேரம். ஆனால் தினம் ஒருமுறை பறக்கிற விமானத்துக்கு ஒன்பது மணி நேரத் தாமதம் என்று ஒன்று கிடையாது, முழுசாக இருபத்துநாலு மணி நேரம் போய்விடும். இது எனக்குத் தெரியாது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தெரியாது.

மகள் ஒருநாளும் கோபப்படவில்லை. ஊருக்குத் திரும்புகிற அன்றைக்கு, பெட்டியைக் கட்டிக்கொண்டே, "பதறிப்போவேன்னு நினைச்சீங்களாம்மா? ஃப்ளைட்ல இருபத்துநாலு மணி நேரம் இருக்குல்ல பதற்றதுக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் பேசி, அவர்கள் ஊரிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, அதைப் பிடிக்க அவர்களுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் தெரிய வேண்டும் என்று கேளுங்கள். அதை நம் நேரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜின் மேல் எழுதி ஒட்டுங்கள். என் மகள் விஷயத்தில் அது இரவு பதினொரு மணி. பதினொன்றுக்குள் சொன்னால் ஒரு நாள், தாண்டினால் இரண்டு நாள். அமெரிக்காவில் நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும், அப்போது அது பன்னிரண்டு மணி ஆகும். அதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். லண்டன், சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கிருந்து நேராக வரும் விமானங்கள் இருக்கின்றன. ஆனாலும் கேட்டு வையுங்கள்.

இன்னொன்று, பேரப்பிள்ளைகளின் காகிதம். என் பேரன் அங்கே பிறந்தவன், அமெரிக்க பாஸ்போர்ட். ஓசிஐ அட்டை எடுக்க வேண்டும் என்று ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். எடுக்கவில்லை. விசாவும் கையில் இல்லை. அதனால் அவன் வரவில்லை, அவனைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளையும் அங்கேயே தங்கிவிட்டார். மகள் மட்டும் தனியாக வந்தாள். பிள்ளைகளுடைய பாஸ்போர்ட் காலாவதித் தேதியைக் கேட்பதில் வெட்கமே வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்கிறோம், இதையும் கேட்போம்.

சொல்லலாமா, காத்திருக்கலாமா என்று மருத்துவமனை வராந்தாவில் நிற்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது. அன்று இரவு நான் தனியாக நின்றேன். யாரையும் எழுப்ப வேண்டாம் என்று நினைத்தேன். அதுவும் தப்புத்தான். வியாழன் இரவு முழுக்க, ஃப்ரீசர் பெட்டியின் பக்கத்தில் என்னோடு உட்கார்ந்திருந்த பி பிளாக் மாமி அதற்காக இன்னமும் என்னைத் திட்டுவார். கதவைத் தட்டியிருக்கக் கூடாதா, நாலு மாடிதானே என்பார். பதினாலாயிரம் கிலோமீட்டரைப் பற்றிப் பேச வந்தவள் இந்த நாலு மாடியையும் சொல்லாமல் போனால் அவர் விடமாட்டார்.

செயலாளரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கும். விருப்பப்பட்டவர்கள் மட்டும், உங்கள் பிள்ளைகளின் போன் நம்பர், ஊர், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்கிற அந்த நேரம், இந்த மூன்றையும் எழுதிக்கொடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் போட வேண்டாம், நோட்டில் மட்டும். உங்களால் பேச முடியாத நிலைமை வந்தால் உங்களுக்காகப் போன் செய்ய ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். சி பிளாக்குக்கு நான்.

இந்த உருண்டையை நூலக அறையில் வைத்துவிட்டுப் போகிறேன், நூலோடு. பேரன் பேத்திகள் விடுமுறைக்கு வரும்போது அவர்கள் வீட்டுக்கு நூல் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். எடுத்துப் போகிறவர்கள் மட்டும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுங்கள். போன தடவை கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர் போனது இன்னும் கிடைக்கவில்லை.